வேகம் குறைந்தால் பங்க் இல்லாமல் போய்விடுமா?

நடுவர் அம்மா அவர்களே, என் அணித் தோழர்களே, எதிரணி நண்பர்களே, இவ்வளவு நேரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும் இசை ரசிகர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

பங்க் என்ற வேகமான, கலகக்கார ராக் இசையின் கலைஞர் ஒருவர் சைடு ப்ராஜெக்ட், அதாவது தாய்க் குழுவுக்கு வெளியே ஒரு துணை முயற்சி என்று சொல்லி, சாவையும் சோகத்தையும் பாடும் இருண்ட, கோதிக் இசைக்குப் போவது பங்க்கின் தொடர்ச்சியா, பங்க்கைக் கைவிடுவதா? இதுதான் தலைப்பு. தொடர்ச்சியே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி, பங்க் பாடகர் மேட் ஸ்கீபாவின் துணைக் குழுவான 'ஹெவன்ஸ்'-ஐக் கூண்டில் ஏற்றினார். "தாய்க் குழுவின் வேகத்தை விட்டுவிட்டு, கறுப்பு உடுத்திக்கொண்டு முனகினார், ஒரே ஆல்பத்தோடு நின்றுவிட்டார்" என்றார். அக்கா ஒருவர், "பங்க் ஊருக்காகக் கத்துவது, கோதிக் தனக்காக அழுவது" என்றார். கைதட்டலும் வாங்கினார். சரி, அந்தக் கூண்டிலிருந்தே தொடங்குகிறேன்.

ஸ்கீபா சிகாகோ தெருக்களில் சைக்கிளில் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுத்துப் பிழைத்தவர். 1996-இல் 'அல்கலைன் ட்ரியோ' என்ற தன் தாய்க் குழுவைத் தொடங்கினார். மூன்றே பேர், மூன்று நிமிடப் பாட்டு, அவசரமான தாளம். ஆனால் அந்த அவசரத்துக்குள் அவர் பாடியது எதை? சாவை, ரத்தத்தை, குடியை, விட்டுப்போன காதலை. அந்தக் குழுவின் சின்னம் இதயத்துக்குள் ஒரு மண்டையோடு. 2005-இல் அவர்கள் வெளியிட்ட 'கிரிம்சன்' ஆல்பத்தைப் போட்டுப் பாருங்கள். முதல் பாட்டே பியானோவில்தான் திறக்கிறது. இருட்டு தாய்க் குழுவிலேயே குடியிருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

அடுத்த ஆண்டு, 2006 செப்டம்பரில், ஜொசையா ஸ்டைன்பிரிக்கோடு சேர்ந்து 'ஹெவன்ஸ்' பெயரில் 'பேட்டன்ட் பெண்டிங்' ஆல்பத்தைக் கொண்டுவந்தார். நான் முதன்முதலில் அதை ஒரு மழை இரவில் ஹெட்போனில் கேட்டேன். உச்சத்தில் கிழிந்து வரும் குரலுக்குப் பழகிய காதுக்கு, அதே மனிதர் கீழே இறங்கி, அடிவயிற்றிலிருந்து நிதானமாகப் பாடுவது புதிதாக இருந்தது. கீழ் ஸ்வரங்களை வாசிக்கும் பேஸ் கிட்டார் முன்னால் நடக்கிறது. கிட்டார் பின்னால் தள்ளி நின்று எதிரொலிக்கிறது. வரிகளுக்கு நடுவில் இடைவெளி இருக்கிறது. அதே சாவு, அதே காதல்தான். முன்பு காரில் கடந்துபோன தெருவில் இப்போது இறங்கி நடக்கிறார், அவ்வளவுதான். நம் சங்கீதத்தில் ஒரே கீர்த்தனையை விளம்ப காலத்தில் பாடினால் அது வேறு கீர்த்தனை ஆகிவிடுமா?

அந்த ஆல்பத்தை வெளியிட்டது யார் என்பதையும் தம்பி சொல்லாமல் விட்டுவிட்டார். எபிடாஃப் ரெக்கார்ட்ஸ். 'பேட் ரிலிஜன்' குழுவின் பிரெட் குரெவிட்ஸ் தொடங்கிய நிறுவனம். அமெரிக்கப் பங்க்கின் சொந்த வீடு. அந்த வீட்டுக்காரரே பந்தி போட்டு விருந்து வைத்திருக்கிறார், தம்பியோ விருந்தாளியைப் பார்த்து "நீ இந்த ஊர்க்காரன் இல்லை" என்கிறார்.

அடுத்து, ஒப்பனை. கறுப்பு உடையும் வெளுத்த முகமும் பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட வேஷம் என்று எதிரணி நினைக்கிறது. பிரிட்டனின் முதல் பங்க் சிங்கிள், அதாவது தனியாக வெளியான பாட்டு, எது? 1976 அக்டோபரில் 'தி டேம்ட்' வெளியிட்டது. அதில் பாடியவர் டேவ் வேனியன். குழுவில் சேருவதற்கு முன் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டும் வேலை பார்த்தவர். டிராகுலா ஊரான டிரான்சில்வேனியாவின் பெயரிலிருந்து தன் மேடைப் பெயரை எடுத்துக்கொண்டவர். கறுப்பு உடையும் வெள்ளை முகமுமாகத்தான் பங்க் மேடையில் நின்றார். லண்டன் சோஹோவில் 'பேட்கேவ்' கிளப் திறந்து கோதிக் கூட்டத்துக்கு ஒரு கூரை கிடைத்ததோ 1982-இல்தான். ஆறு வருடம் முன்னாலேயே பங்க்கின் வாசலில் நின்று வரவேற்றவர் ஒரு ரத்தக் காட்டேரி! எது எதற்குப் பின்னால் வந்தது, சொல்லுங்கள்.

இப்போது அக்காவுக்கு வருகிறேன். தனக்காக அழுவது பங்க் ஆகாது என்றீர்கள். பங்க்கின் முகம் என்று யாரைக் கேட்டாலும் ஜானி ராட்டனைத்தான் சொல்வார்கள். அவர் 1978 ஜனவரியில், சான் பிரான்சிஸ்கோ மேடையில் 'செக்ஸ் பிஸ்டல்ஸ்' குழுவோடு கடைசியாகப் பாடினார். ஊர் திரும்பி, ஜான் லைடன் என்ற தன் சொந்தப் பெயரிலேயே 'பப்ளிக் இமேஜ் லிமிட்டெட்' தொடங்கினார். அது சைடு ப்ராஜெக்ட் இல்லை, முழுப் புறப்பாடு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அங்கே போய் என்ன பாடினார் என்று பாருங்கள். புற்றுநோயில் அவருடைய தாய் இறந்துபோனார். அந்தச் சாவை, அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டு நின்ற தன் கையாலாகாத்தனத்தை 1979-இல் ஒரு சிங்கிளாகப் பாடினார். குழுவில் ஜா வாபிளின் பேஸ் ஜமைக்காவின் டப் இசையைப் போல அடியில் உருள்கிறது, கீத் லெவீனின் கிட்டார் கண்ணாடி போல நொறுங்குகிறது, அதன் மேல் ஒரு மகன் ஓலமிடுகிறான். அக்கா, அதைக் கேட்டுவிட்டு, "இவர் தனக்காகத்தான் அழுகிறார், இதில் பங்க் இல்லை" என்று உங்களால் சொல்ல முடியுமா? என்னால் முடியாது. எனக்கு அதைக் கேட்கும்போது 'செக்ஸ் பிஸ்டல்ஸ்' பாட்டில் பிரிட்டன் ராணியைத் திட்டிய அதே குரல் இன்னும் துணிச்சலான இடத்துக்கு வந்து நிற்பதாகத்தான் தோன்றுகிறது. அரசாங்கத்தைத் திட்ட ஆத்திரம் போதும். பெற்ற தாயின் சாவை ஊர் கேட்கப் பாட, தோலை உரித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

இசைக்குள்ளேயே இன்னொரு சாட்சி இருக்கிறது. 1976 ஜூன் 4, மான்செஸ்டர். 'லெஸ்ஸர் ஃப்ரீ ட்ரேட் ஹால்' என்ற சின்ன அரங்கில் செக்ஸ் பிஸ்டல்ஸ் வாசிக்கிறார்கள். பாதி நாற்காலிகூட நிரம்பவில்லை. அங்கே இருந்த பீட்டர் ஹுக் மறுநாளே போய் பேஸ் கிட்டார் வாங்கிவிட்டார். வாசிக்கத் தெரியாது, வாங்கிவிட்டார். இதைவிடப் பங்க்கான செயல் வேறு உண்டா? அவரும் பெர்னார்ட் சம்னரும் சேர்ந்து தொடங்கிய குழுதான் பிறகு 'ஜாய் டிவிஷன்' ஆனது. ஹுக்கின் ஆம்ப், அதாவது கிட்டார் ஒலியைப் பெருக்கும் பெட்டி, சுமாரானது. சம்னரின் கிட்டார் சத்தத்தில் கீழ் ஸ்வரங்கள் அவருக்கே கேட்கவில்லை. அதனால் மேல் ஸ்தாயியில் வாசித்தார். மெட்டையே பேஸ் தூக்கிக்கொண்டு போகும் அந்தப் பாணி இப்படித்தான் பிறந்தது. பங்க்குக்கு அடுத்து அதிலிருந்தே கிளைத்த இருண்ட போஸ்ட்-பங்க்கின் அடையாளம் என்று இன்று உலகம் கொண்டாடும் அந்த ஒலி, கையில் காசில்லாத பங்க் பையனின் மட்டமான ஆம்பிலிருந்து வந்தது. முப்பது வருடம் கழித்து ஹெவன்ஸ் ஆல்பத்தில் முன்னால் நடக்கும் பேஸும் இந்த வழியில் வந்ததுதான்.

கடைசியாக, ஒரே ஆல்பத்தோடு நின்றுவிட்டதே என்ற புகார். நிற்கட்டுமே! 1983-இல், இருண்ட இசைக்குப் பேர்போன இரண்டு குழுக்களிலிருந்து, 'தி க்யூர்' குழுவின் ராபர்ட் ஸ்மித்தும், 'சூசி அண்ட் த பான்ஷீஸ்' குழுவின் ஸ்டீவன் செவரினும் சேர்ந்து 'தி க்ளவ்' என்று ஒன்று செய்தார்கள். ஒப்பந்தம் குறுக்கே நின்றதால் ஸ்மித்தால் முழு ஆல்பத்தையும் பாட முடியவில்லை. பெரும்பாலான பாட்டுகளை ஜனெட் லேண்ட்ரே என்ற நடனக் கலைஞரைப் பாட வைத்தார்கள். அதுவும் ஒரே ஆல்பம்தான். அதே பான்ஷீஸ் வீட்டில் பாடகி சூசியும் டிரம்மர் பட்ஜியும் 1981-இல் 'தி க்ரீச்சர்ஸ்' தொடங்கினார்கள். குரலும் தாளமுமாகத் தொடங்கிய அந்தக் குழு, பான்ஷீஸ் கலைந்த பிறகும் 2003 வரை ஆல்பம் போட்டது. ஒன்று ஒரு வருடம், ஒன்று இருபது வருடத்துக்கு மேல். உள்ளே எவ்வளவு இருந்ததோ அவ்வளவு வந்தது. விற்கிறது என்பதற்காக இரண்டாவது, மூன்றாவது என்று இழுக்காமல் நிறுத்துவதைக் குறை என்று எப்படிச் சொல்வது? பங்க் சண்டை போட்டதே அந்த இழுவையை எதிர்த்துத்தானே!

கைவிட்டார் என்ற சொல்லையும் தம்பி திரும்பப் பெற வேண்டும். ஹெவன்ஸுக்குப் பிறகு 2008-இல் அல்கலைன் ட்ரியோ அடுத்த ஆல்பம் போட்டது. நடுவில் ஸ்கீபா சில வருடம் 'பிளிங்க்-182' என்ற இன்னொரு பங்க் குழுவிலும் வாசித்துவிட்டு வந்தார். 2024 ஜனவரியிலும் அல்கலைன் ட்ரியோவின் புது ஆல்பம் வந்தது. வீட்டை விட்டு ஓடியவர் யாரும் இல்லை, நடுவர் அம்மா.

மணி அடித்துவிட்டது. தம்பியிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இன்று இரவு வீட்டுக்குப் போய், விளக்கை அணைத்துவிட்டு, முதலில் கிரிம்சன், அப்புறம் பேட்டன்ட் பெண்டிங், இந்த வரிசையில் இரண்டையும் முழுதாகக் கேளுங்கள். நாளைக்கு நாம் இரண்டு பேரும் பேசலாம். நன்றி, வணக்கம்.