அழுத்தாமல் பார்க்க வேண்டிய தோல்

நேயர்களுக்கு வணக்கம். ஸ்கேன் என்றதும் வயிற்றில் சில்லென்று ஜெல் தடவிப் பார்ப்பதுதான் நினைவுக்கு வரும். தோலுக்கும் அதே ஸ்கேன்தான் எடுக்கிறோம் என்றால், "தோல்தான் கண்ணுக்கே தெரிகிறதே டாக்டர், அதற்குப் போய் ஸ்கேனா?" என்பார்கள். நியாயமான கேள்விதான்.

ஸ்கிளிரோடெர்மா என்று ஓர் அரிய நோய். தோல் தடித்து இறுகிவிடும். விரலை மடக்க வராது, வாயை அகலத் திறக்க வராது. இறுக்கம் எவ்வளவு என்று எப்படி அளக்கிறோம் தெரியுமா? கிள்ளித்தான்! உடம்பில் 17 இடங்களில் தோலைக் கிள்ளிப் பார்த்து, ஒவ்வோர் இடத்துக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் போடுவோம். மொத்தம் 51. நானும் இன்றுவரை கிள்ளுகிறேன். ஆனால் என் விரலுக்கு 2 என்று படுவது இன்னொருவர் விரலுக்கு 1 என்று படலாம். ஸ்கேன் என்றால் மில்லிமீட்டர் கணக்கு.

இந்த ஸ்கேன் ஒலி அலையை அனுப்பிப் படம் எடுப்பது. வயிற்றுக்கு 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண் உள்ள ஒலி போதும். தோலுக்கு 20, சில கருவிகளில் அதற்கும் மேல். அதிர்வெண் கூடினால் படம் நுணுக்கமாகும், எட்டும் ஆழம் குறையும். குறையட்டுமே, நமக்கு வேண்டியது சில மில்லிமீட்டர்தானே.

ஆரம்பத்தில் நான் ஏமாந்த கதை ஒன்று. ஓர் அம்மாவின் முன்கையில் அளந்திருந்தேன். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் தோல் மெலிந்திருக்கிறது. மருந்து கேட்கிறது என்று எனக்கு ஒரே சந்தோஷம். அவரோ, "வீக்கம் அப்படியேதானே இருக்கு டாக்டர்" என்றார். சரி என்று ஜெல்லைக் கெட்டியாகக் குவித்து, புரோப், அதாவது கையில் பிடித்து ஸ்கேன் எடுக்கும் கருவி, தோலில் படாமல் ஜெல்லின் மேலேயே நிற்கும்படி பிடித்து மறுபடி அளந்தேன். பழைய தடிமன் அப்படியே இருந்தது! ஆரம்பக் கட்டத்தில் தோலுக்குள் நீர் கோத்திருக்கும். என் கை அழுத்தியதில் அது அமுங்கியிருக்கிறது. அன்றிலிருந்து என்னிடம் பயிற்சிக்கு வருகிறவர்களிடம் முதலில் சொல்வது: அழுத்தாதே. இரண்டாவதாகச் சொல்வதும் அதேதான்.

இன்னொன்று. நீர் கோத்த தோல் படத்தில் தடித்துக் கறுப்பாகத் தெரியும். நார்த்திசு படியப் படிய வெளுக்கும். நோய் முற்றினால் தோல் மெலிந்தும் போகும். ஆகவே மெலிந்துவிட்டதே, குணமாகிவிட்டது என்று சொல்லிவிட முடியாது.

மார்ஃபியா பற்றிப் பேசத்தான் பாதிக் குறிப்பு எடுத்து வந்தேன். நேரம் முடிந்தது என்று கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள். சுருக்கமாக: திட்டுத் திட்டாகத் தோல் இறுகும் நோய் அது, குழந்தைகளுக்கும் வரும். ஸ்கேனில் கதிர்வீச்சு இல்லை, திரும்பத் திரும்ப எடுக்கலாம். ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்கேன் முறையான டாப்ளரில் அந்தத் திட்டில் ரத்த ஓட்டம் கூடுதலாகத் தெரிந்தால் நோய் இன்னும் கனன்றுகொண்டிருக்கலாம். அங்கேயும் புரோப்பை அழுத்தினால் நுண்குழாய்கள் அமுங்கி, ஓட்டமே இல்லாத மாதிரி காட்டிவிடும். நன்றி, வணக்கம்.