முதல் அலைக்கு முன்னால்

நேயர்களுக்கு வணக்கம்.

கடற்கரைக்குப் போனால் கால் நனைப்பது, சுண்டல் வாங்கிச் சாப்பிடுவது, இருட்டுவதற்குள் வீடு திரும்புவது. நம்மில் பலருக்குக் கடலோடு உள்ள உறவு அவ்வளவுதான். ஆனால் சென்னைக்குத் தெற்கே கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் விடுமுறை நாள் காலையில் போய்ப் பாருங்கள். கல்லூரிப் பிள்ளைகளும் வேலைக்குப் போகிறவர்களும் நீளமான பலகைகளைத் தூக்கிக்கொண்டு அலைக்குள் இறங்கிக்கொண்டிருப்பார்கள். சொல்லிக்கொடுப்பவர்களில் பலர் அதே கடற்கரையின் மீனவக் குடும்பங்களில் பிறந்தவர்கள்.

சர்ஃபிங் என்கிற அலைச்சறுக்கை முதன்முறையாகக் கற்கப்போகிறவர்கள் எல்லாரும், "முதல் நாளே பலகையில் எழுந்து நின்றுவிடுவேனா?" என்றுதான் கேட்கிறார்கள். நின்றுவிடலாம், பெரும்பாலானவர்களால் முடியும். ஆனால் முதல் நாளில் அதைவிடப் பெரிய பாடம் ஒன்று இருக்கிறது. கடலைப் பார்க்கத் தெரிந்துகொள்வது.

கரையில் நின்று கால் மணி நேரம் கவனித்தால் தெரியும், அலைகள் ஒரே சீராக வருவதில்லை. பெரிய அலைகள் நாலைந்து அடுத்தடுத்து வரும், அப்புறம் கொஞ்ச நேரம் கடல் அடங்கும். மீனவர்கள் படகைத் தள்ளும்போது அந்த இடைவெளிக்காகத்தான் காத்து நிற்கிறார்கள். சர்ஃபிங் கற்றவர்கள் அலைகளைத் தாண்டி உள்ளே போவதும் அதே கணக்கில்தான்.

அலை எங்கே உடைகிறது என்பதையும் பாருங்கள். எங்கோ தொலைவில், நடுக்கடலில் வீசிய காற்று கிளப்பிவிட்ட அலை அது. ஆழம் குறையக் குறைய அதன் அடிப்பகுதி தரையில் உரசி வேகம் இழக்கிறது, மேல்பகுதி முந்திக்கொண்டு கவிழ்கிறது. அலையின் உயரத்தைப்போல ஏறக்குறைய 1.3 மடங்கு ஆழம் இருக்கும் இடத்தில் இது நடக்கும். அதாவது, அலை உடையும் இடத்தைப் பார்த்தே அடியில் மணல்திட்டு இருப்பதைச் சொல்லிவிடலாம்.

இரண்டு பக்கமும் அலை உடைய, நடுவில் மட்டும் உடையாமல் ஒரு பாதைபோல அமைதியாகக் கிடக்கிறதா? அங்கேதான் கவனம் வேண்டும். கரைக்கு வந்த தண்ணீர் கடலுக்குத் திரும்புகிற வழியாக அது இருக்கலாம். விவரம் தெரியாதவர்கள் அமைதியாக இருக்கிறதே என்று அங்கேதான் இறங்குகிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் நம் கடற்கரைகளில் குளிக்கப் போனவர்களை இழக்கிறோம், அதற்கு இந்த இழுவையும் ஒரு முக்கியக் காரணம். அதில் சிக்கினால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுக் களைத்துவிடாதீர்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வந்து, பிறகு கரைக்குத் திரும்புங்கள். பலகை கையில் இருந்தால் அதை விடாமல் பிடித்துக்கொண்டு, கையை உயர்த்தி உதவி கேளுங்கள். சர்ஃபிங்கே வேண்டாம் என்கிறவர்களுக்கும், பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போகிற பெற்றோருக்கும் இந்த ஒன்றாவது தெரிந்திருக்க வேண்டும்.

நீச்சல் தெரியாதவர்களையும் இடுப்பளவு தண்ணீரில் வைத்துச் சில இடங்களில் கற்றுக்கொடுக்கிறார்கள். என் கருத்து வேறு. முதலில் நீச்சல், அதன் பிறகு பலகை.

சரி, பலகைக்கு வருவோம். தொடக்கத்தில் எட்டு, ஒன்பது அடி நீளமுள்ள, மேலே ஃபோம் வைத்த பலகையே நல்லது. எளிதில் கவிழாது, மேலே பட்டாலும் அடி குறைவு. பலகையில் நிற்கும்போது பின்னால் இருக்கும் பின்னங்காலில், பலகையோடு உங்களை இணைக்கும் லீஷ் கயிற்றைக் கட்டிக்கொள்ள வேண்டும், அந்தக் கயிற்றை ஒருபோதும் கையில் சுற்றக் கூடாது. எது பின்னங்கால் என்று தெரியவில்லையா? யாரையாவது பின்னாலிருந்து லேசாகத் தள்ளச் சொல்லுங்கள். தன்னையறியாமல் முன்னே போகிற கால் எதுவோ, பலகையிலும் பெரும்பாலும் அதுவே முன்னங்கால்.

முதல் நாள் முழுவதும் அலை உடைந்த பிறகு வரும் வெள்ளை நுரையில்தான் பழக வேண்டும். பலகையில் குப்புறப் படுக்கும்போது ரொம்ப முன்னே போனால் பலகையின் மூக்கு தண்ணீரில் குத்தும், ரொம்பப் பின்னே போனால் அலை உங்களை விட்டுவிட்டுப் போய்விடும். நுரை வந்து தள்ளிப் பலகை ஓடத் தொடங்கியதும் உள்ளங்கைகளை நெஞ்சுக்குப் பக்கத்தில் ஊன்றி, ஒரே எழும்பலில் இரண்டு கால்களையும் கீழே கொண்டுவர வேண்டும். முழங்கால் மடங்கியிருக்கட்டும், பார்வை கரையில் இருக்கட்டும். காலைப் பார்த்தால் விழுவீர்கள்.

விழுவதற்கும் முறை உண்டு. தலைகீழாகப் பாயாமல், தட்டையாகப் பக்கவாட்டில் விழுங்கள். மேலே வரும்போது கைகளால் தலையை மூடிக்கொள்ளுங்கள், பலகை எங்கே இருக்கிறது என்று அப்போது தெரியாது. வரும் அலைக்கும் உங்களுக்கும் நடுவில் பலகையை வைத்துக்கொண்டு நிற்கவும் கூடாது.

இதையெல்லாம் நம் கரையிலேயே கற்க முடிகிறது என்பதில் எனக்கு மிகுந்த பெருமை. கோவளத்தில் மீனவரான மூர்த்தி மேகவன், சர்ஃபிங் தானாகக் கற்று, பிறகு ஊர்ப் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுத்தார். 2013இல் அங்கே சர்ஃபிங் திருவிழா தொடங்கியது. 2023 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் உலக சர்ஃப் லீக்கின் தகுதிச்சுற்றுப் போட்டி நடந்தது. 2025இல் ஆசிய சாம்பியன்ஷிப்பும் அங்கேயே நடந்து, இந்தியாவின் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார். பலகையும் விளையாட்டும் வெளியிலிருந்து வந்திருக்கலாம், ஆனால் அலையைக் கணிக்கும் அறிவு இந்த ஊர்களில் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. வகுப்புக்குப் போகும்போது உங்கள் கோச்சிடம் காற்றைப் பற்றியும் நீரோட்டத்தைப் பற்றியும் கேளுங்கள். மணிக்கணக்காகச் சொல்வார்கள்.

எப்போது போகலாம்? தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் தெற்கு இந்தியப் பெருங்கடலிலிருந்து நல்ல அலைகள் வருகின்றன. இலங்கையில் பொத்துவில் பக்கத்தில் சர்ஃபிங் நடக்கும் அறுகம்குடாவுக்கும் அதுதான் பருவம். அதிகாலையில் போய்விடுங்கள். அப்போது நிலத்திலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும், அலையின் முன்பக்கம் ஒழுங்காக இருக்கும். நண்பகலை நெருங்கும்போது கடல்காற்று எழுந்து எல்லாவற்றையும் கலைத்துவிடும். அக்டோபருக்குப் பிறகு வடகிழக்குப் பருவமழையில் கடல் கொந்தளிக்கும்போது புதியவர்கள் இறங்க வேண்டாம்.

மறுநாள் தோள்பட்டை நிச்சயம் வலிக்கும். அந்த வலியைச் சாக்காக வைத்து அடுத்த வகுப்பைத் தள்ளிப்போடாதீர்கள். ஒரே வாரத்துக்குள் மறுபடி போனால்தான் உடம்பு கற்றதை மறக்காது.

நன்றி, வணக்கம்.