பதறாத காரியம் சிதறாது

(திருகோணமலையில் வாசகர் வட்டம் ஒன்றின் மாலைக் கூட்டத்தில் பேசியது. எழுத்துக்காகக் கொஞ்சம் செப்பனிட்டிருக்கிறேன்.)

அவைத்தலைவர் அவர்களே, பூசைக்கும் பூசைக்கும் இடையில் நேரம் ஒதுக்கி வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் குருக்கள் ஐயா அவர்களே, கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் வெயிலோடு வெயிலாகப் பஸ்சில் வந்து சேர்ந்த ஆசிரியப் பெருமக்களே, கல்வி அலுவலகத்திலிருந்து வந்திருக்கும் ஐயா அவர்களே (ஐயா, உங்களுக்கு இன்றைக்கு என்னிடம் ஒரு வேலை இருக்கிறது, இடையில் எழும்பிப் போய்விடாதீர்கள்), எந்தக் கூட்டத்துக்கும் ஒலிபெருக்கியை இலவசமாகத் தந்து, அது கரகரத்தால் தானே ஓடிவந்து தட்டியும் கொடுக்கும் கடைக்கார அண்ணன் அவர்களே, பின்வரிசையில் குனிந்த தலை நிமிராமல் போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் என் வணக்கம்.

எனக்குப் பொன்னாடை போர்த்திய ஓய்வுபெற்ற அதிபர் ஐயாவைத் தனியாகச் சொல்லவேண்டும். எனக்குக் கணக்குப் படிப்பித்தவர். வகுப்பில் அவசரப்பட்டுக் கையை உயர்த்தினால் "பதறாத காரியம் சிதறாது, இரு" என்பார். அந்தப் பழமொழியை நான் இந்த ஊரில் ஏறாத மேடை இல்லை, சொல்லாத மேடையும் இல்லை. இன்றைக்கும் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தலைப்பு, பழைய டேர்ன் பேஸ்ட் ஆர்பிஜி விளையாட்டுகளின், அதாவது ஒரு கதாபாத்திரமாக மாறி முறைவைத்து ஆடும் கணினி, ரீவி விளையாட்டுகளின் வீழ்ச்சி. பெரியவர்கள் சிலர் முகத்தைச் சுளிப்பது தெரிகிறது. விளங்கப்படுத்துகிறேன். முந்நூற்றி நாலு விளையாடுகிறீர்கள்தானே? சீட்டைக் கையில் விரித்து வைத்துக்கொண்டு, எதிரில் இருப்பவன் என்ன இறக்குவான், துரும்பு யாரிடம், கூட்டாளி ஏன் இருமினான் என்று யோசிக்கிறீர்கள். உங்கள் முறை வரும்வரை ஒருவரும் உங்களைத் தள்ளமாட்டார்கள். இந்த விளையாட்டும் அப்படித்தான். உங்கள் பக்கம் நாலைந்து பேர், எதிரிகள் ஒரு பக்கம். நீங்கள் ஒரு கட்டளை கொடுத்தால் அது நடக்கும். பிறகு எதிரி. பிறகு மறுபடி நீங்கள். போனில் பிள்ளைகள் சுட்டுத்தள்ளும் விளையாட்டில் அரைநொடி கண் சிமிட்டினால் ஆள் காலி. இதில் நீங்கள் போய்த் தேநீர் ஊற்றிக் குடித்துவிட்டு வரலாம். எதிரி வாளை ஓங்கியபடி அப்படியே நிற்பான்.

இதன் வேர் மேசையில் இருக்கிறது. 1974இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். தாளும் பென்சிலும் இருபது முகத் தாயக்கட்டையும்தான் சாமான். 1981இல் கோர்னெல் பல்கலைக்கழக மாணவர் இருவர் அந்த யோசனையை அப்பிள் கணினிக்குள் கொண்டுபோய் விசார்ட்ரி செய்தார்கள். அதையும் ரிச்சர்ட் கேரியட்டின் அல்டிமாவையும் ஆசையோடு விளையாடிய யூஜி ஹோரி என்ற ஜப்பானியர், வீட்டு ரீவியில் யாரும் ஆடக்கூடிய மாதிரி எளிமையாக்கி 1986இல் டிராகன் குவெஸ்ட் கொடுத்தார். அடுத்த வருடம் ஃபைனல் ஃபான்டஸி. 1996இல் போக்கிமொன். போக்கிமொனைத் தெரியாத பிள்ளை இந்த மண்டபத்தில் இல்லை, ஆனால் அதுவும் முறைவைத்து ஆடும் ஆட்டம்தான் என்று எத்தனை பேர் யோசித்தீர்கள்?

சரி, ஏன் விழுந்தது? மூன்று காரணங்கள் சொல்லப்போகிறேன். ஒன்று, இயந்திரங்களின் வேகம். இரண்டு, பிள்ளைகளின் நேரம். மூன்று, கம்பனிகளின் காசு.

முதலாவது. அந்தக் காலத்துக் கணினிக்குப் பத்துப் பேரை ஒரே நேரத்தில் ஓடவிட்டு அடிபட வைக்கும் தெம்பு இல்லை. அதனால் முறைவைத்து ஆடினார்கள். தெம்பு வந்ததும் பொறுமை போய்விட்டது. ஃபைனல் ஃபான்டஸியின் நாலாம் பாகத்தில், 1991இல், ஹிரோயுகி இட்டோ என்பவர் முறைக்கு மேல் ஒரு கடிகாரத்தை வைத்தார். கார்ப் பந்தயத்தில் வண்டிகள் வெவ்வேறு வேகத்தில் ஒன்றையொன்று முந்துவதைப் பார்த்துத்தான் அந்த யோசனை வந்ததாம். நீங்கள் யோசித்துக்கொண்டிருக்க எதிரி வந்து அடித்துவிட்டுப் போவான். அடுத்தது டயப்லோ. 1996இன் கடைசியில் வந்தது. அதை முதலில் முறைவைத்து ஆடும் ஆட்டமாகத்தான் செய்துகொண்டிருந்தார்கள். காசு போட்ட கம்பனி, உடனுக்குடன் நடக்கிற மாதிரி மாற்று என்றது. தலைமை நிரலாளர் டேவிட் பிரெவிக் முதலில் மறுத்தார். பிறகு ஒரு பிற்பகல் உட்கார்ந்து மாற்றிப் பார்த்தார். சுட்டியை அழுத்தினார், வீரன் நடந்துபோய் எலும்புக்கூட்டை அடித்தான், அது நொறுங்கி விழுந்தது. அந்தக் கணத்திலேயே தனக்கு விளங்கிவிட்டது என்று பிற்பாடு அவரே மேடையில் சொல்லியிருக்கிறார். நல்ல ஆட்டம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு பிற்பகல் எத்தனை பேரின் யோசிக்கும் நேரத்தைத் தின்றது பாருங்கள். பதறாத காரியம் சிதறாது என்று அங்கே சொல்லிக்கொடுக்க ஒரு கணக்கு வாத்தியார் இருக்கவில்லை.

இரண்டாவதுக்கு வருவதற்கு முன் ஒரு கதை. இதைச் சொல்லத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

2002ஆம் ஆண்டு. போர்நிறுத்த உடன்படிக்கை வந்து, பாதை திறந்து, வெளிநாட்டுச் சனம் ஊர்பார்க்க வந்த காலம். டொரன்டோவிலிருந்து என் மச்சான் வந்தான். பெட்டிக்குள் சொக்லேட்டுக்கு அடியில் ஒரு பிளேஸ்டேஷன் 2, ரீவியில் செருகி ஆடுகிற விளையாட்டு இயந்திரம். கூடவே ஃபைனல் ஃபான்டஸி பத்தாம் பாகம். அதைத்தான் அந்தத் தொடரின் கடைசி முழு முறைவைத்த ஆட்டங்களில் ஒன்று என்று இப்போதும் சொல்கிறார்கள். கனடாவில் கரண்ட் 120 வோல்ட், இங்கே 230. நேராகச் செருகினால் புகைதான். பிரதான வீதியில் ஒரு றேடியோ திருத்துகிற அண்ணரிடம் ட்ரான்ஸ்ஃபோமர் கடன் வாங்கினோம். அது தேங்காய் துருவும் பலகையளவு பாரம், கொதிக்கும், உறுமும். ரீவியில் செருகினால் படம் கறுப்பு வெள்ளையில் வருகிறது. அங்கத்தைய சிக்னல் வேறு, எங்கள் பழைய ரீவி வேறு. மச்சான் தலையில் கைவைத்துவிட்டான். பெரியம்மா மட்டும் "எங்கட காலத்துப் படம் மாதிரி வடிவா இருக்கு, விடு" என்றா.

பெரிய பிரச்சினை இனித்தான். விளையாடினதைச் சேமித்து வைக்கிற மெமரி கார்டை மச்சான் டொரன்டோவில் மறந்துவிட்டு வந்துவிட்டான்! நிற்பாட்டினால் முதலிலிருந்து தொடங்கவேண்டும். ஆகவே நிற்பாட்டவில்லை. இரவும் பகலும் அது ஓடியது. மேசைவிசிறியை அதன் பக்கம் திருப்பிவிட்டு, நாங்கள் பனையோலை விசிறியோடு படுத்தோம். சுவிட்சுக்கு மேலே பிளாஸ்டர் ஒட்டி "தொடாதே" என்று எழுதினோம். ஒரு கிழமைக்கு மேல் எங்கள் ஒழுங்கையில் கரண்ட் போகவில்லை. கோணேசர் கிருபை என்பதைத் தவிர வேறு விளக்கம் இன்றுவரை என்னிடம் இல்லை.

பெரியம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் ஆட்டம் நின்று நின்று போவதால், குசினியிலிருந்து வந்து பார்ப்பா, "இப்ப என்ன நடக்குது?" என்பா, மச்சான் சொல்லுவான், அவ போய்க் கறியைக் கிளறிவிட்டு வந்து தீர்ப்புச் சொல்லுவா. "அடிபட்ட பிள்ளைக்கு முதல் மருந்தைக் குடடா. பிறகு சண்டை பிடிக்கலாம்." இப்படி இரண்டு மூன்று நாளில் அவதான் சேனாதிபதி. கட்டுப்பாட்டுக் கருவியைக் கையால் தொட்டதில்லை.

ஒருநாள் தண்ணீருக்கு அடியில் ஒரு பாம்பு ராட்சதம். முன்னமே ஒருதரம் கொன்ற மிருகம், பிணமாக எழும்பி வந்திருக்கிறது. நாங்கள் அடிக்கிறோம், அடிக்கிறோம், அசையவில்லை. எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராய் விழுகிறார்கள். ட்ரான்ஸ்ஃபோமர் உறுமுகிறது. பெரியம்மா அகப்பையோடு வந்து நின்றா.

"இது செத்ததோ, உயிரோட இருக்கிறதோ?"

"செத்தது பெரியம்மா. செத்தும் திரியுது."

"செத்துப்போன எங்கட ஆளை எழுப்ப ஒரு மருந்து குடுக்கிறியளே, அது என்ன?"

"அது உயிர் குடுக்கிற இறகு."

"உயிரோட இருக்கிறதுக்கு நஞ்சு குடுத்தாச் சாகும். செத்ததுக்கு உயிர் மருந்து குடுத்தா?"

நாங்கள் சிரித்தோம். அவ சிரிக்கவில்லை. "குடுத்துப் பாரடா, அது ஆறுதலா நிண்டு பாத்துக்கொண்டுதானே இருக்கு" என்றா. மச்சான் அந்த மருந்தை ராட்சதத்துக்கே கொடுத்தான். அதன் உயிரில் பெரிய துண்டொன்று போனது. மறுமுறையும் கொடுத்தான். அவ்வளவுதான், ஆள் முடிந்தது! வீடு இடிந்துவிழுகிற மாதிரிக் கத்தினோம். பக்கத்து வீட்டு ஐயா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து "என்ன, கிரிக்கெட்டில வெண்டிட்டமோ?" என்று கேட்டார்.

அன்றிரவே கரண்ட் போனது. (கைதட்டாதீர்கள், எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.)

இரண்டாவது காரணத்தை நான் இனிச் சொல்லவே தேவையில்லை, பெரியம்மா சொல்லிவிட்டா. ஆட்டம் ஆறுதலாக நின்றது. அந்த வீட்டில் எங்களுக்கும் ஆறுதலாக நிற்க நேரம் இருந்தது. பள்ளி விடுமுறை என்றால் அது விடுமுறை. இந்த வகை ஆட்டங்கள் நீளமானவை. 2016இல் வந்த பெர்சோனா ஐந்தை முடிக்க நூறு மணி நேரமளவு வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நாலு மணி நேரம் கிடைக்கிற பிள்ளைக்கு அது அரைவருடம். நம் பிள்ளைக்கு ஞாயிறு நாலு மணி நேரம் கிடைக்கிறதா?

எங்கே கிடைக்கும்? காலை ஆறரைக்கு விஞ்ஞான ரியூசன். எட்டரைக்குக் கணிதம். பதினொன்றுக்கு இங்கிலீஷ். பின்னேரம் புலமைப்பரிசில் வகுப்பு, அதுவும் நாலாம் ஆண்டுப் பிள்ளைக்கு. மதில் ஒன்றில் வெள்ளை தெரிகிறதா? அடுத்த வருடம், அதற்கடுத்த வருடம் என்று உயர்தரத் தொகுதிகளின் சுவரொட்டி. ஒரு வகுப்பு முடிந்து மற்றது தொடங்க இருபது நிமிடம். அந்த இருபது நிமிடத்தில் படியில் குந்தியிருந்து பிள்ளை போனை எடுத்து என்ன விளையாடும்? சுட்டுத்தள்ளுகிற ஆட்டம்தான். வேறு எதை விளையாட முடியும்? பிரெட்ரிக் கோட்டைப் பக்கம் ஞாயிறு பின்னேரம் போய்ப் பாருங்கள், புல்வெளியில் ஓடிப்பிடித்து விளையாடுவது மான்கள்தான்.

ஃபைனல் ஃபான்டஸி பதினாறாம் பாகம் 2023இல் முழுக்க முழுக்க அடிதடி ஆட்டமாக வந்தது. அதன் தயாரிப்பாளர் நவோகி யோஷிடா, கட்டளையைத் தெரிவுசெய்து காத்திருப்பதில் என்ன சுவை என்று இளையவர்கள் பலருக்கு விளங்குவதில்லை என்ற பொருளில் பேசினார். எனக்குக் கோபம் வந்தது. காத்திருக்க விடாமல் வளர்த்துவிட்டு, காத்திருப்பு விளங்கவில்லை என்றால் எப்படி? அதே 2023 ஆகஸ்டில் பெல்ஜியத்து லாரியன் நிறுவனம் பால்டர்ஸ் கேட் மூன்றை வெளியிட்டது. அந்தத் தொடரின் முதலாவது 1998இல் வந்தபோது சண்டை தானாக ஓடும், வேண்டுமென்றால் இடையில் நிறுத்தலாம். மூன்றாவதில் அதைத் தூக்கிப்போட்டுவிட்டு அசல் முறைவைத்த ஆட்டமாக்கினார்கள். எல்லோரும் எதிர்த்திசையில் ஓட, இவர்கள் இப்படி வந்தார்கள். அந்த வருடத்தின் சிறந்த விளையாட்டு விருது அதற்குத்தான். ஆகவே ஆட்டத்தில் பிழை இல்லை. பதறாத காரியம் சிதறாது.

இப்போது கல்வி அலுவலகத்து ஐயாவிடம் வருகிறேன். ஐயா, இரண்டு வருடமாக இந்த மேடையிலும் மற்ற மேடைகளிலும் நான் கேட்பது ஒன்றே ஒன்று. பத்தாம் ஆண்டுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை ரியூசன் வேண்டாம். முஸ்லிம் பிள்ளைகளுக்கு அது வெள்ளியாக இருக்கட்டும், கிண்ணியா ஆசிரியைமார் அதைத் தனியாக எழுதித் தந்திருக்கிறார்கள். காலையில் அறநெறி வகுப்பு, அது இருக்கட்டும், குருக்கள் ஐயா என்னைப் பார்க்கிறார். மிச்சம் முழுவதும் பிள்ளைக்கு. விளையாடட்டும், தூங்கட்டும், டச்பே கடற்கரையில் மண்ணைக் கிளறட்டும்.

ஒரு ரியூசன் நிலையத்தவர், பெயர் வேண்டாம், போன மாதம் என்னிடம் சொன்னார்: "ஆறின கஞ்சி பழங்கஞ்சி. நீங்கள் ஞாயிறை விட்டால் மட்டக்களப்புப் பிள்ளை முந்திவிடும்." மட்டக்களப்பில் அவருடைய தம்பி, திருகோணமலைப் பிள்ளை முந்திவிடும் என்று சொல்லித்தான் வகுப்பு நடத்துகிறார். இரண்டு பேருக்கும் வீடு எழும்புகிறது. பிள்ளைகள் இரண்டு ஊரிலும் கொட்டாவி விடுகின்றன.

ஓய்வுபெற்ற அதிபர் ஐயா, நீங்கள் ஞாயிறு வகுப்பு வைத்ததில்லை. உங்களிடம் படித்தவர்கள் பொறியியலாளர்களாகவும் வைத்தியர்களாகவும் இதே மண்டபத்தில் இருக்கிறார்கள். அதற்கு மேல் எனக்கு ஆதாரம் வேண்டாம்.

தலைவர் மணியைக் காட்டுகிறார். மூன்றாவது காரணம், கம்பனிகளின் காசு, அது பெரிய விஷயம், கேட்க விரும்புகிறவர்கள் தேநீர் மேசையில் என்னைப் பிடிக்கலாம். அதற்கு முன் வாசலில் ஒரு கையெழுத்துத் தாள் வைத்திருக்கிறோம். பெயர், பிள்ளை படிக்கும் ஆண்டு, கையெழுத்து, அவ்வளவுதான். முகவரி வேண்டாம். ரியூசன் ஆசிரியர்களும் போடலாம், இரண்டு பேர் ஏற்கெனவே போட்டிருக்கிறார்கள். திங்கட்கிழமை அலுவலகம் திறக்கும் நேரத்துக்கு நாங்கள் ஐயாவின் மேசைக்கு அதைக் கொண்டுவருவோம். பேனையை நூலில் கட்டியிருக்கிறது, போன முறை மாதிரி அறுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். வணக்கம்.