பழைய டீசல் ரயில்கார்: ஓட்ட வேண்டுமா, நிறுத்தி வைக்க வேண்டுமா?

அடுத்த கேள்வி. நேயர் ஒருவர் கேட்கிறார்: "பிரிட்டனில் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே 38 டீசல் ரயில்கார் செய்தது, அதில் மூன்றுதான் மிச்சம் என்று போன வீடியோவில் சொன்னீர்கள். மிச்சம் இருப்பதே மூன்று என்றால், அதில் ஒன்றை ஏன் ஓட்டாமல் மியூசியத்தில் நிறுத்தியிருக்கிறார்கள்? வாரம் ஒருமுறை எஞ்சினை ஸ்டார்ட் செய்து வைத்தாலாவது கெடாமல் இருக்காதா?"

நல்ல கேள்வி. ரயில்கார் என்றால் தனியாக ஒரு எஞ்சின் வண்டி இழுக்காமல், தன் எஞ்சினிலேயே ஓடும் ஒற்றைப் பெட்டி. எஞ்சின் விஷயத்தைக் கடைசியில் சொல்கிறேன். முதலில், அந்த மூன்றும் ஒரே மாதிரி வண்டிகள் கிடையாது. நான்காம் எண் (மியூசியத்தில் நிற்பது இதுதான்), 20, 22. பெயர் ஒன்று என்பதால் குழப்பம் வருகிறது.

1933-இல் முதல் வண்டி வந்தது. செய்தது ஏ.இ.சி., அதாவது லண்டனுக்கு பஸ் செய்து கொடுத்த கம்பெனி. அதனால் இந்த ரயில்காரைத் திறந்து பார்த்தால் உள்ளே இருப்பது பஸ்தான். 130 குதிரைத்திறன் பஸ் எஞ்சின் ஒன்று தரைக்குக் கீழே, பக்கவாட்டில் தொங்கும். கியர்பாக்ஸ் பஸ்ஸில் வருகிற அதே வகை. அங்கிருந்து ஒரு ஷாஃப்ட் போய் ஆக்ஸிலைச் சுற்றும். மேலே மட்டும் வழவழவென்று வளைந்த உடம்பு, இரண்டு முனையும் குவிந்திருக்கும். ஜனங்கள் "பறக்கும் வாழைப்பழம்" என்று பெயர் வைத்துவிட்டார்கள். படத்தைப் பார்த்தால் வேறு பெயர் தோன்றாது!

அடுத்த வருடம் 2, 3, 4 என்று மூன்று வண்டிகள் வந்தன. இவற்றில் இரண்டு எஞ்சின், 44 இருக்கை, சின்னதாக ஒரு பஃபே. பர்மிங்காமிலிருந்து கார்டிஃபுக்கு எக்ஸ்பிரஸாக ஓடின. கூட்டம் சேர்ந்தது, அதுவே தலைவலியும் ஆனது. நீராவி ரயிலில் கூட்டம் வந்தால் பின்னால் இன்னொரு பெட்டி மாட்டலாம். இந்த ஆரம்ப வண்டிகளால் எதையும் இழுக்க முடியாது. 44 பேர் ஏறினால் அவ்வளவுதான். 1937-இல் வந்த 18-ஆம் எண்தான் பின்னால் பெட்டி இழுக்கிற மாதிரி வடிவமைக்கப்பட்டது. 19-இலிருந்து வந்தவை அந்த ரயில்வேயின் சொந்த ஸ்விண்டன் பட்டறையிலேயே கட்டியவை. வளைவெல்லாம் போய், மடிப்பு மடிப்பான கூர்மையான முகம். பார்க்க அவ்வளவு அழகில்லை, ஆனால் வேலைக்கு இவைதான் உபயோகம். மாட்டலாம், இழுக்கலாம், இரண்டு மூன்றைச் சேர்த்து ஓட்டலாம். 1950-களில் பிரிட்டன் முழுக்க வந்த டீசல் யூனிட்டுகளுக்கு, அதாவது பெட்டிக்குக் கீழேயே எஞ்சின் வைத்த டீசல் ரயில்களுக்கு, முன்னோடி இவை என்று தாராளமாகச் சொல்லலாம்.

இப்போது புரியும். 20, 22 இரண்டும் ஸ்விண்டன் வண்டிகள். வாழைப்பழ வகையில் உலகத்தில் இருப்பது நான்காம் எண் ஒன்றே ஒன்று. மற்றவற்றில் சில தீப்பிடித்தே போயின, மீதி 1962-க்குள் கழிக்கப்பட்டு இரும்புக் கடைக்குப் போய்விட்டன. பஸ் எஞ்சின் போட்ட வண்டியை பஸ் மாதிரியேதான் நடத்துவார்கள்: தேய்ந்தால் தூக்கிப் போடு. நீராவி எஞ்சின் மேல் இருந்த பாசம் இதன் மேல் யாருக்கும் இல்லை. ஜெர்மனியின் பறக்கும் ஹாம்பர்கர் தெரியுமில்லையா? 1933-இல் பெர்லினிலிருந்து ஹாம்பர்குக்கு 287 கிலோமீட்டரை 138 நிமிடத்தில் ஓடிய டீசல் வண்டி. அவ்வளவு புகழ் பெற்ற அதையே முழுசாக வைத்திருக்கவில்லை. நியூரம்பர்க் மியூசியத்தில் ஒரு பகுதிதான் இருக்கிறது.

அதனால் என் கருத்து: நான்காம் எண் நிற்பதுதான் சரி. ஓட வைக்க என்ன செய்ய வேண்டியிருக்கும் என்று யோசியுங்கள். இந்த மாதிரி வண்டியில் ஜன்னலுக்குக் கீழே இருக்கும் தகட்டில் ஒரு சின்னக் காந்தத்தை வைத்து மெதுவாக இழுத்துக்கொண்டே போங்கள். இரும்பு இருக்கிற இடத்தில் ஒட்டும், பட்டி போட்டு மூடிய இடத்தில் பொத்தென்று விழும். நாலு அடிக்குள் மூன்று முறை விழுந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும். ஜன்னல் ரப்பரோரமாக வருடக்கணக்கில் இறங்கிய தண்ணீர் கீழே தேங்கி, தகட்டை உள்ளிருந்தே தின்றிருக்கும். வெளியே பெயின்ட் பளபளக்கும். ஓட்டுவதானால் அந்தத் தகட்டை வெட்டி எறிந்து புதிது போட வேண்டும். பிறகு ஒயரிங், பிரேக், எஞ்சினின் பாதி என்று போய்க்கொண்டே இருக்கும். அந்தக் காலத்து வண்டி என்றால் ஆஸ்பெஸ்டாஸ் வேறு இருக்கலாம், அதை நாமே கையால் பிய்க்கக் கூடாது. எல்லாம் முடிந்து வண்டி ஓடும், சந்தோஷம்தான். ஆனால் 1934-இல் ஒரு தொழிலாளி எப்படி ரிவெட் அடித்தார், எந்த இடத்தில் மரம் வைத்தார் என்று நாளைக்கு ஒருவர் பார்க்க வந்தால் காட்ட ஒன்றும் இருக்காது.

22 வேறு கதை. அது டிட்காட் ரயில்வே சென்டரில் இருக்கிறது, பழுது பார்த்து ஓட்டியிருக்கிறார்கள். அதை ஓட்டினால்தான் அந்தக் கியர் மாறும் சத்தம், தரைக்குக் கீழிருந்து வரும் அதிர்வு எல்லாம் தெரியும். நின்றுகொண்டிருக்கும் வண்டி அதைச் சொல்லாது. ஒரே ஒரு நிபந்தனைதான்: கழற்றியதை எறியக் கூடாது, எதை எப்போது மாற்றினோம் என்று எழுதி வைக்க வேண்டும். இது பலருக்குச் சலிப்பான வேலை, தெரியும்.

சரி, எஞ்சினுக்கு வருவோம். வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து, பத்து நிமிடம் அப்படியே ஓடவிட்டு அணைப்பது... தயவுசெய்து வேண்டாம். சுமை இல்லாமல் ஓடும் டீசல் எஞ்சின் சரியாகச் சூடே ஆகாது. எரியாத டீசல் சிலிண்டர் சுவரில் இறங்கி ஆயிலோடு கலக்கும். சுவர் கண்ணாடி மாதிரி வழுக்கலாகி, பிஸ்டன் ரிங் பிடிக்காமல் போய், ஆயில் குடிக்க ஆரம்பிக்கும். சூடு ஏறாததால் உள்ளே சேர்ந்த ஈரம் ஆவியாகாமல் அங்கேயே தங்கும். கேட்பவருக்கு எஞ்சின் நல்லா ஓடுகிற மாதிரிதான் இருக்கும்.

ஓட்டுவதானால் பயணிகளோடு, ஏற்றத்தில், எஞ்சின் நன்றாகச் சூடேறும் வரை ஓட்டுங்கள். ஓட்டப் போவதில்லை என்றால் முறையாக உறங்க வைக்க வேண்டும். தண்ணீரை முழுக்க வடிக்க வேண்டும், இல்லாவிட்டால் குளிரில் உறைந்து எஞ்சின் பிளாக் வெடிக்கும். டேங்க்கின் அடியில் நிற்கும் தண்ணீரையும் எடுத்துவிட வேண்டும், டீசலுக்கும் தண்ணீருக்கும் நடுவில் பூஞ்சை வளர்ந்து ஃபில்டரை அடைக்கும். அப்புறம் மாதம் ஒருமுறை எஞ்சினைக் கையால் கொஞ்சம் சுற்றி வைத்தால் போதும், சாவியைத் தொட வேண்டியதே இல்லை.