முதலற்றுப்போனாலும்

(அறுப்பின் பண்டிகை ஆராதனையில் பேசியதன் எழுத்து வடிவம்)

சபையாருக்கும் என்னை அழைத்த ஐயரவர்களுக்கும் என் ஸ்தோத்திரங்கள். வெளியே பந்தலில் ஏலத்துக்கு வாழைத்தாரும் தேங்காய்க் குலையும் கட்டித் தொங்குகின்றன. ஒரு சேவல் அரை மணி நேரமாக என்னோடு போட்டிக்குத் தயாராகக் கூவிக்கொண்டிருக்கிறது. இத்தனை விளைச்சலை வாசலில் வைத்துக்கொண்டு, ஒன்றுமே விளையாத ஒரு வருஷத்தைப் பற்றிய வசனத்தை இன்றைக்கு எடுத்திருக்கிறேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேதாகமத்தில் ஆபகூக் தீர்க்கதரிசியின் புத்தகம், மூன்றாம் அதிகாரம், 17, 18 வசனங்கள். இதில் 18-ஆம் வசனம் நம் எல்லார் வீட்டுச் சுவரிலும் ஒருமுறையாவது தொங்கியிருக்கும்: "நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன், என் இரட்சிப்பின் தேவனுக்குள் களிகூருவேன்." ஆனால் 17-ஐ யாரும் மாட்டுவதில்லை. புதுவருஷ ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோம். அதில் "தொழுவத்திலே மாடு இல்லாமற்போனாலும்" என்று வந்தால், மெதுவாகத் திரும்ப உள்ளே போட்டுவிட்டு வேறு எடுக்கத்தான் பார்ப்போம். நானும் அப்படித்தான்.

இந்தப் புத்தகம் மூன்றே அதிகாரம், 56 வசனம். மற்ற தீர்க்கதரிசிகள் தேவன் சொன்னதை ஜனத்திடம் போய்ச் சொல்வார்கள். இவர் ஜனத்துக்காக தேவனிடம் வழக்குப் பேசுகிறார். எடுத்த எடுப்பிலேயே "கர்த்தாவே, நான் எதுவரைக்கும் உம்மை நோக்கிக் கூப்பிடுவேன், நீர் கேளாமலிருக்கிறீரே" என்கிறார். ஊரில் கொடுமை நடக்கிறது, நியாயம் புரட்டப்படுகிறது, நீர் சும்மா இருக்கிறீர் என்கிறார். சரி, பதில் வந்தது. என்ன பதில்? கல்தேயரை, அதாவது பாபிலோன்காரரை, எழுப்புகிறேன் என்றார். கேட்டது நியாயம், கிடைத்தது படையெடுப்பு. கி.மு. 605-இல் கர்கேமிசில் பாபிலோன் சேனை எகிப்தின் சேனையை முறியடித்தது. அதிலிருந்து இருபது வருஷம் போவதற்குள் எருசலேம் ஆலயமே எரிந்து போயிற்று. அந்தப் படை வரப்போகிறது என்று கேள்விப்பட்ட ஒரு மனிதனின் பாட்டுத்தான் மூன்றாம் அதிகாரம்.

இப்போது 17-ஐ வாசித்துப் பாருங்கள். வெள்ளச் சேதக் கணக்கெடுக்க வரும் வி.ஏ.ஓ.வின் நோட்டுப் போலவே இருக்கும். அத்திமரம், திராட்சச்செடி, ஒலிவமரம், வயல், ஆட்டுக்கிடை, மாட்டுத்தொழுவம். "எல்லாம் போனாலும்" என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். அவர் முடிக்கவில்லை, ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எழுதுகிறார்.

அத்திப்பழத்தை அவர்கள் உலர்த்தி அடையாகத் தட்டி வைப்பார்கள். பயணத்துக்கும் பஞ்சத்துக்கும் அதுதான் கைகொடுக்கும். மூன்று நாள் சாப்பிடாமல் வெளியில் கிடந்த ஒரு எகிப்தியனுக்கு தாவீதின் ஆட்கள் அத்திப்பழ அடையைக் கொடுத்தபோது அவனுக்கு உயிர் திரும்பிவந்தது என்று வாசிக்கிறோம். அந்த மரம் துளிர்க்கவே இல்லை என்கிறார்.

ஒலிவமரம் இன்னும் பெரிய விஷயம். விளக்குக்கும் சமையலுக்கும் காயத்துக்கும் ராஜாவை அபிஷேகம் பண்ணுவதற்கும் அந்த எண்ணெய்தான். வைத்த வருஷமே காய்க்கிற மரம் அல்ல அது. தகப்பன் நட்டதில் பிள்ளை பலன் எடுப்பான். "ஒலிவமரத்தின் பலன் அற்றுப்போனாலும்" என்று நம் வேதாகமத்தில் இருக்கிறது. எபிரெயத்தில் அந்த இடத்தில் உள்ள வினைச்சொல்லுக்குப் பொய் சொல்லுதல், ஏமாற்றுதல் என்று பொருள். ஒலிவமரம் பொய்த்துவிட்டது என்கிறார். நமக்கு இதை விளக்கவே வேண்டாம், மழை பொய்த்தது என்று தினமும் பேசுகிற ஜனம் நாம். வாக்குக் கொடுத்தவன் கைவிட்ட வலி அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. மரமும் வானமும் நமக்கு ஏதோ எழுதிக் கொடுத்திருந்ததாகத்தான் விவசாயியின் மனசு நினைக்கும்.

அப்புறம் ஆடு. "கிடையில் ஆட்டுமந்தைகள் முதலற்றுப்போனாலும்." இந்த "முதலற்று" என்ற சொல்லை நான் பல வருஷம் கவனிக்கவே இல்லை. அடியோடு இல்லாமற்போவது என்பதுதான் பொருள். ஆனால் கடைத்தெருவிலும் களத்துமேட்டிலும் வளர்ந்த காதுக்கு அது வேறு மாதிரி விழும். லாபம் போனால் போகட்டும் என்று சொல்லலாம். முதலுக்கே மோசம் வந்தால்? கடைசியில் மாட்டையும் சொல்கிறார். உழ மாடு இல்லையென்றால் அடுத்த வருஷ வயலும் கிடையாது. இந்த வருஷப் பழத்தில் தொடங்கிய கணக்கு வரும் வருஷத்தின் முதலில் வந்து நிற்கிறது.

இதைப் புரிந்துகொள்ள இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு வியாக்கியானப் புத்தகம் தேவையில்லை. 2023 டிசம்பர் 17, 18-ஐ மறந்தவர்கள் இங்கே யாரும் இருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. நம் தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்ய வேண்டியதைவிட அதிகம். தாமிரபரணி கரையை மறந்து ஓடியது. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு நின்றுவிட்டது. பக்கத்து ஊர்க்காரர்கள், தங்கள் தெருவிலேயே தண்ணீர் நிற்கும்போது, இருந்த அரிசியைப் பொங்கி முன்பின் தெரியாதவர்களுக்குக் கொடுத்தார்கள். வாழைத்தோட்டங்கள் படுத்துக் கிடந்தன. ஆடு மாடுகளைப் பற்றி நான் சொல்ல வேண்டாம். 17-ஆம் வசனத்தில் அத்தியை எடுத்துவிட்டு வாழையை வைத்தால் அது நம் ஊர்தான்.

அந்த வெள்ளத்துக்கு அடுத்து வந்த ஒரு பண்டிகையில் நான் இருந்தேன். எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை. காணிக்கைப் பொருள் மிகவும் குறைவு. ஒரு பாட்டி வெறும் ஓலைப்பெட்டியைக் கொண்டுவந்து பலிபீடத்துக்கு முன்னால் வைத்தார். ஏலம் விடுகிறவர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "என்ன பாட்டி, பெட்டி மட்டும் இருக்கு?" என்றார். "உள்ள இருக்க வேண்டியத ஆறு கொண்டுட்டுப் போயிட்டு. பெட்டியாவது மிஞ்சிச்சுல்லா, அத வையி" என்றார் பாட்டி. சிரித்துக்கொண்டு சொல்லவில்லை. அழுதுகொண்டும் சொல்லவில்லை. கொஞ்சம் கோபமாகத்தான் சொன்னார் என்று எனக்குத் தோன்றியது. ஆபகூக்கும் அந்தக் குரலில்தான் பேசியிருப்பார் என்று அன்றைக்கு நினைத்தேன்.

ஏனென்றால் 18-க்கு முன்னால் 17 மட்டும் இல்லை, 16-உம் இருக்கிறது. "நான் கேட்டபொழுது என் குடல் குழம்பிற்று, அந்தச் சத்தத்துக்கு என் உதடுகள் துடித்தது." எலும்பில் உக்கல் உண்டாயிற்று, நின்ற இடத்திலே நடுங்கினேன் என்கிறார். மகிழ்ச்சியாயிருப்பேன் என்று சொல்கிற அதே வாய் இரண்டு வசனத்துக்கு முன்னால் துடித்துக்கொண்டிருந்தது. நடுக்கம் நின்ற பிறகு மகிழ்ச்சி வந்தது என்று அவர் எங்கேயும் எழுதவில்லை. "மகிழ்ச்சியாயிருக்கிறேன்" என்றும் சொல்லவில்லை, "இருப்பேன்" என்கிறார். எபிரெயத்திலும் அது ஒரு தீர்மானத்தைக் காட்டும் வினைவடிவம். குடல் குழம்பிக்கொண்டிருக்கும்போது எடுத்த தீர்மானம்.

இன்னொன்றும் அவர் சொல்லவில்லை. போனதெல்லாம் இரட்டிப்பாகத் திரும்பி வரும் என்று சொல்லவில்லை. எல்லாவற்றையும் இழந்த யோபுக்கு இரட்டிப்பாக வந்தது, உண்மைதான். ஆபகூக்கின் பாட்டில் அத்தி கடைசிவரைக்கும் துளிர்க்கவில்லை. இன்றைக்கு மைக் பிடிக்கிற பலர் யோபின் கடைசி அதிகாரத்தையே திரும்பத் திரும்பப் பிரசங்கிப்பதில் எனக்கு வருத்தம் உண்டு. திரும்ப வராத வீட்டில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு அவர்களிடம் என்ன வசனம் இருக்கிறது? ஆபகூக் பிடித்துக்கொண்டது வேறு. அதற்கு முந்தின வசனங்களைப் பாருங்கள்: தேமானிலிருந்து வந்த தேவன், பாரான் பர்வதம், சமுத்திரத்தின் நடுவே வழி. ஆபகூக், தான் பிறப்பதற்குப் பல நூறு வருஷம் முன்னால் எகிப்தைவிட்டு வந்த தன் ஜனத்துக்கு நடந்ததை உட்கார்ந்து நினைக்கிறார். வயலைப் பார்த்தால் ஒன்றும் இல்லை, ஆகையால் அந்த நாட்களைப் பார்க்கிறார். "என் இரட்சிப்பின் தேவன்" என்ற சொல் அங்கிருந்து வருகிறது.

அப்போஸ்தலனாகிய பவுலையும் கொஞ்சம் பார்த்துவிடுவோம். "கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்" என்று பிலிப்பியருக்குக் கட்டுண்டவராக இருந்து எழுதினார். அதே நிருபத்தில், தன் உடன்வேலையாளான எப்பாப்பிரோதீத்து வியாதிப்பட்டு மரணத்துக்குச் சமீபமாய் இருந்து பிழைத்ததைச் சொல்லும்போது, "துக்கத்தின்மேல் துக்கம்" தனக்கு உண்டாகாதபடிக்கு தேவன் இரங்கினார் என்கிறார். எப்பொழுதும் சந்தோஷம் என்று எழுதின கைதான் அதையும் எழுதியது. நம்மில் சிலர் துக்க வீட்டுக்குப் போனாலே "அழாதீங்க, விசுவாசிகள் அழக்கூடாது" என்கிறோம். பவுல் அந்த வீட்டுக்கு வந்திருந்தால் நம்மை வாயை மூடச் சொல்லியிருப்பார்.

என் கதையும் ஒன்று. என் மனைவி ஆஸ்பத்திரியில் பல வாரம் படுத்திருந்தாள். பார்க்க வந்த ஒருவர், "ஸ்தோத்திரம் சொல்லிக்கிட்டே இருங்க, எல்லாம் சரியாயிடும்" என்றார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். எனக்கோ அன்றைக்கு ஜெபம்கூட வரவில்லை. பாட்டுப் புத்தகம் பையிலேயே கிடந்தது. பக்கத்துக் கட்டிலில் ஒரு வயதான அம்மா. விடியற்காலம் நாலு மணிக்கு எழுந்து ஒரு கீர்த்தனையை முனகுவார். சுருதி சுத்தமாகச் சேராது. முதல் நாள் எரிச்சலாக இருந்தது. நாலைந்து நாளில் அந்தச் சத்தத்துக்காகவே நான் விழித்துக்கொண்டு காத்திருந்தேன். நான் பாடவில்லை. கேட்டுக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

அப்போஸ்தலர் நடபடிகள் 16-ஆம் அதிகாரத்தில், பிலிப்பி சிறையிலும் அப்படி ஒரு வசனம் இருக்கிறது. முதுகெல்லாம் அடி, கால்கள் தொழுமரத்தில். நடுராத்திரியில் பவுலும் சீலாவும் பாடுகிறார்கள். காயத்தைக் கழுவுவது 33-ஆம் வசனத்தில்தான் வருகிறது. பாட்டு 25-லேயே வந்துவிட்டது. அதே 25-இல், காவலில் வைக்கப்பட்டவர்கள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று லூக்கா எழுதுகிறார். அவர்களும் சேர்ந்து பாடினார்கள் என்று எழுதவில்லை. பாட முடியாதவர்களுக்கும் அந்த ராத்திரியில் இடம் இருந்தது.

ஆபகூக் புத்தகத்தின் கடைசி வரியை நாம் யாரும் சத்தமாக வாசிப்பதில்லை. "இது நெகினோத் என்னும் வாத்தியத்தில் வாசிக்க இராகத்தலைவனுக்கு ஒப்புவிக்கப்பட்டது." குடல் குழம்பினவர் தன் பாட்டைத் தன் அறைக்குள் வைத்துக்கொள்ளவில்லை. பாடகர் குழுத் தலைவரிடம் கொடுத்துவிட்டார், தன்னால் பாட முடியாத நாளில் இவர்கள் பாடட்டும் என்று.

நம் பாடகர் குழு ரொம்ப நேரமாகக் காத்திருக்கிறது. சேவலும் விடுவதாக இல்லை. இன்றைக்குத் தோட்டம் நிறைந்தவர்கள் பாடுங்கள். பெட்டி காலியாக வந்தவர்கள் உட்கார்ந்தே கேளுங்கள், எழுந்திருக்க வேண்டாம்.