காரைக்குடிப் பல்கலைக்கழகத்தின் கடல் துறை எங்கே இருக்கிறது?

(காட்சி: தொண்டி கடற்கரை, விடியற்காலை)

வணக்கம். என் பின்னால் தெரிவது பாக் விரிகுடா. காரைக்குடியில் 1985இல் தொடங்கிய அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை இங்கே தொண்டியில்தான் இயங்குகிறது. கடலைக் காரைக்குடிக்குக் கொண்டுபோக முடியாதே! சரி, இப்படி ஆளுக்கொரு திசையில் இருக்கும் அறிவியல் துறைகளைக் கட்டி மேய்ப்பது யார்?

நிர்வாகப் படிக்கட்டை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன், தூங்கிவிடாதீர்கள். வேந்தர், துணைவேந்தர், ஆட்சிக்குழு, பாடங்களுக்கு ஒப்புதல் தரும் கல்விக்குழு, பிறகு ஒரே வகைத் துறைகளைச் சேர்த்துவைக்கும் புலங்கள். புலத்துக்கு ஒரு டீன், துறைக்கு ஒரு தலைவர். முடிந்தது.

பௌதிக அறிவியல் புலம் என்றால் இயற்பியல், வேதியியல், நிலவியல், வானியல். கணிதத்தை எங்கே உட்காரவைப்பது என்பதில் ஊருக்கு ஒரு வழக்கம். சிகாகோ பல்கலைக்கழகத்தில் கணிதமும் இதே புலத்தில்தான். அங்கே 1961இல் நிலவியலையும் வானிலையியலையும் இணைத்து ஒரே துறையாக்கினார்கள். கச்சான் காற்றையும் கடலடிப் பாறைத் திட்டுகளான பார்களையும் சேர்த்தே கணிக்கும் நம் மீனவருக்கு இதில் வியப்பே இருக்காது.

(காட்சி: படகில் ஏறும் ஐஸ் கட்டிகள்)

எனக்குப் பிடித்த இடத்துக்கு வந்துவிட்டோம். ஒவ்வொரு விசைப்படகும் சொந்தமாக ஐஸ் கம்பெனி வைத்திருக்கிறதா? இல்லை. துறைகளும் அப்படித்தான். வேதியியல் துறையில் மூலக்கூறுகளின் அமைப்பைக் கண்டறியும் அணுக்காந்த ஒத்ததிர்வுக் கருவி (என்எம்ஆர்) என்று ஒன்று உண்டு. ஸ்கேன் சென்டரில் இருக்கும் எம்ஆர்ஐக்கு அது அண்ணன். அதன் மீக்கடத்துக் காந்தம், அதாவது கடுங்குளிரில் மின்தடையே இல்லாமல் மின்சாரம் ஓடும் காந்தம், திரவ ஹீலியத்தில் மூழ்கியே கிடக்க வேண்டும். வெப்பநிலை மைனஸ் 269 டிகிரி. அதைச் சுற்றி மைனஸ் 196 டிகிரியில் திரவ நைட்ரஜன். மூடி வைத்தாலும் இரண்டும் ஆவியாகிக்கொண்டே இருக்கும். ஒரு லிட்டர் திரவ ஹீலியம் சுமார் 750 லிட்டர் வாயுவாகிப் பறந்துவிடும். ராமேஸ்வரத்தில் பலூன் விற்பவர் கேட்டால் அழுதுவிடுவார்! இந்தியா ஹீலியத்தைப் பெரும்பாலும் இறக்குமதிதான் செய்கிறது. அதனால் வசதியுள்ள இடங்களில் பறக்கும் வாயுவைக் குழாயில் பிடித்து, மறுபடி திரவமாக்குகிறார்கள். பக்கத்தில் தாழ்வெப்ப ஆய்வு செய்யும் இயற்பியல் துறைக்கும் அதே ஹீலியம்தான்.

இரண்டு துறைகள், ஹீலியத்தைத் திரவமாக்க ஒரே ஆலை. மின்கட்டணம் யார் தலையில்? டீனின் உண்மையான வேலை இங்கேதான் தொடங்குகிறது என்பேன். எதை ஆராய வேண்டும் என்று அவர் பேராசிரியருக்குக் கட்டளையிடுவதில்லை. பொதுக் கருவி, இடம், பணம் ஆகியவற்றில் பங்கு பிரிக்கும் பஞ்சாயத்துதான் அவருக்கு.

உங்கள் ஊர் ஐஸ் கம்பெனிக்குப் பாக்கி வைத்திருப்பவரைப் பற்றிக் கீழே எழுதுங்கள். பெயர் மட்டும் வேண்டாம்.