சிப்பாயைக் கொடுத்தோம், எதிராளி எடுக்கவில்லை

நேயர்களுக்கு வணக்கம். பக்கத்தில் செஸ் பலகை இருந்தால் காய்களை அடுக்கி வைத்துக்கொண்டு கேளுங்கள். இல்லையென்றாலும் பரவாயில்லை, நகர்த்தல்கள் குறைவுதான்.

காம்பிட் என்பது ஆட்டத்தின் தொடக்கத்திலேயே ஒரு சிப்பாயைக் கொடுத்துவிட்டு, அதற்கு ஈடாகக் காய்களைச் சீக்கிரம் வெளியே கொண்டுவருவது. அதைப் படித்துவிட்டு ஆட வருபவர்களின் புலம்பல் அநேகமாக ஒன்றுதான்: “நான் படித்ததை எதிராளி ஆடவே மாட்டேன் என்கிறாரே!”

ஏன் ஆட வேண்டும்? அவர் உங்கள் பாடத்தைப் படிக்கவில்லையே. பாடங்களில் வரும் அழகான வெற்றிகள் பெரும்பாலும் எதிராளி கொடுத்ததை எல்லாம் வாரிக்கொண்ட ஆட்டங்கள். நேரில் உட்காருபவர் சந்தேகப்பிராணி. சும்மா கிடைக்கும் சிப்பாயைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொள்வார்.

கிங்ஸ் காம்பிட்டையே எடுத்துக்கொள்வோம். கட்டத்தின் பெயரை மட்டும் சொன்னால் சிப்பாய் அங்கே போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை இ4, கறுப்பு இ5, வெள்ளை எஃப்4. கறுப்பு அந்த எஃப்4 சிப்பாயை வெட்டும் என்று காத்திருக்கிறோம். அவரோ வெட்டாமல் பிஷப்பை சி5-இல் கொண்டுவந்து வைக்கிறார். நம் கண்ணில் படுவது என்ன? இ5 சிப்பாய்க்குக் காவல் இல்லை. உடனே எஃப் சிப்பாயால் அதை வெட்டுகிறோம். கறுப்பு ராணி எச்4-க்கு வந்து செக். ராஜாவை இ2-க்கு நகர்த்தினால் ராணி இ4 சிப்பாயை வெட்டி மேட். நான்கே நகர்த்தலில் ஆட்டம் முடிந்தது. ஜி3 என்று சிப்பாயைக் குறுக்கே வைத்தால், அதே இ4-ஐ ராணி செக்கோடு வெட்டும், அப்புறம் எச்1-இல் நிற்கும் யானை போகும்.

இப்போது இன்னொரு பதில். எஃப்4-க்குக் கறுப்பு டி5 என்று தானும் ஒரு சிப்பாயை நீட்டுகிறார். ஃபால்க்பியர் எதிர்காம்பிட் என்பார்கள். இங்கேயும் எஃப் சிப்பாயால் இ5-ஐ வெட்டிப் பாருங்கள். அதே ராணி, அதே எச்4, அதே யானை காலி!

இரண்டு பதில்களும் வேறு வேறு. அடிபடும் இடம் ஒன்றே. எஃப்4 ஆடிய நொடியிலேயே நம் ராஜாவிலிருந்து எச்4 வரை போகும் மூலைவிட்டம் திறந்துவிட்டது. இதைத் தெரிந்துவைத்தவருக்கு இருபது கிளைகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. பிஷப் சி5-க்கு வந்தால் குதிரையை எஃப்3-க்குக் கொண்டுவருவார், எச்4 அடைபடும், இ5-க்கு மிரட்டலும் உண்மையாகும். டி5 வந்தால் இ சிப்பாயால் அதை வெட்டுவார். இன்னொன்றும் அவருக்குப் புரியும்: சி5-இல் நிற்கும் பிஷப் ஜி1 கட்டத்தையும் பார்க்கிறது, எனவே இப்போதைக்கு அந்தப் பக்கம் கேஸ்லிங், அதாவது ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் இடம் மாற்றுவது, முடியாது. சி3, பிறகு டி4 என்று சிப்பாய்களால் அந்த பிஷப்பைத் தள்ளப் பார்ப்பார்.

ஆகவே ஒரு காம்பிட்டைப் படிக்கும்போது, அது எதிராளிக்கு என்ன செய்கிறது என்பதற்கு முன்னால் நம் வீட்டில் எந்தக் கதவைத் திறந்துவைக்கிறது என்று பாருங்கள். எதிர்பாராத பதில்களில் பாதிக்கு மேல் அந்த வழியாகத்தான் வருகின்றன என்பது என் கணிப்பு.

ஸ்மித்-மோரா காம்பிட்டிலும் இதே கதை. இ4, சி5, டி4, சிப்பாய் வெட்டு, சி3. கறுப்பு மறுபடி வெட்டாமல் குதிரையை எஃப்6-இல் வைக்கிறார். சி3-இல் நம் சிப்பாயே உட்கார்ந்திருப்பதால், இ4-ஐக் காக்கக் குதிரையை அங்கே வைக்க முடியாது. எனவே இ5 என்று முன்னேறுவதுதான் இயல்பு. குதிரை டி5-க்குப் போகும், நாம் டி4 சிப்பாயைத் திரும்ப எடுத்துக்கொள்வோம். தியாகமும் இல்லை, தாக்குதலும் இல்லை. அமைதியான ஒரு சிசிலியன் ஆட்டம், அதாவது இ4-க்கு கறுப்பு சி5 என்று பதில் சொல்லும் வகை. காம்பிட் பிரியர்களுக்கு இது பிடிக்காது; முறுக்கிக்கொண்டு எதையாவது தியாகம் செய்து கெடுப்பார்கள். அந்த அமைதியான நிலையையும் ஆடத் தெரியாவிட்டால் இந்த காம்பிட்டைக் கையில் எடுக்கவே கூடாது என்பேன்.

வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பவர்களும் உண்டு. டேனிஷ் காம்பிட்டில் வெள்ளை கொடுக்கும் இரண்டு சிப்பாய்களையும் வாங்கிக்கொண்டு கறுப்பு டி5 என்று ஒன்றைத் திருப்பித் தருவார். தொடர்ந்து வெட்டிக்கொண்டே போனால் இரண்டு ராணிகளும் பலகையைவிட்டுப் போய், காய்கள் சமமாகி நிற்கும். தாக்கத் துடித்தவர் கடைசிக் கட்ட ஆட்டத்தில் வந்து விழுவார்.

இந்த மாதிரி நேரத்தில் பெரிய ஆட்டக்காரர்கள் என்ன செய்கிறார்கள்? 1995-இல் ரீகாவில் காஸ்பரோவ், விஸ்வநாதன் ஆனந்துக்கு எதிராக, பி4 சிப்பாயைக் கொடுக்கும் எவன்ஸ் காம்பிட் ஆடினார். ஆனந்த் சிப்பாயை வாங்கி, பிஷப்பை இ7-க்கு இழுத்துவிட்டு, குதிரையை ஏ5-க்கு அனுப்பி வெள்ளை பிஷப்பை மிரட்டினார். காஸ்பரோவ் தன் பிஷப்பைப் பேசாமல் இ2-க்குப் பின்வாங்கினார். தாக்கத்தானே சிப்பாயைக் கொடுத்தார், பின்வாங்குவதா என்று தோன்றும். அடுத்த நகர்த்தலில் ராணியால் டி4-இல் வெட்டி, ஜி7-ஐக் குறிவைத்தார். 25 நகர்த்தல்களில் வென்றார்.

கடைசியாகப் பயிற்சி பற்றி. ஆட்டம் முடிந்ததும் கணினியைத் திறக்காதீர்கள். நீங்கள் படித்த வழி எந்த நகர்த்தலில் முறிந்தது, அப்போது எதற்குப் பயந்தீர்கள், இரண்டையும் எழுதிவிடுங்கள். பிறகு கணினியிடம் அந்த ஒரு நிலையை மட்டும் கேட்டு, ஒரே ஒரு பதிலைத் தேர்ந்து வைத்துக்கொள்ளுங்கள். கணினி முதலாவதாகக் காட்டுவதாக அது இருக்க வேண்டியதில்லை, ஏன் ஆடுகிறோம் என்று உங்களுக்குச் சொல்ல வரவேண்டும், அவ்வளவுதான். நன்றி, வணக்கம்.